அணைந்த விண்மீன் எப்படி வெடிக்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி, கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிப்பவர், இப்படிக் கேட்டிருக்கிறார்: "வெள்ளைக் குள்ளன் என்பது எரிபொருள் தீர்ந்து செத்துப்போன நட்சத்திரம் என்று படித்தேன். இன்னொரு இடத்தில், சூப்பர்நோவாக்களில் ஒரு வகை வெள்ளைக் குள்ளன் வெடிப்பதால் வருகிறது என்று இருக்கிறது. செத்தது எப்படி வெடிக்கும்? இதில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்னும் எதைத் தேடுகிறார்கள்? மதுரைப் பக்கம் இருந்துகொண்டு இதையெல்லாம் பார்க்க வழி உண்டா?"

முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அது பிடிபட்டால் மற்ற இரண்டும் சுலபம்.

தம்பி, உங்கள் குழப்பம் 'எரிபொருள் தீர்ந்து' என்ற சொல்லில் இருக்கிறது. உண்மையில் அது தீரவில்லை. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் முதலில் ஹைட்ரஜனை ஹீலியமாக்குகிறது. பிறகு ஹீலியத்தைக் கார்பனாகவும் ஆக்சிஜனாகவும் ஆக்குகிறது. கார்பனை எரிக்க 60 கோடி டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். சூரியனைப்போல் எட்டு மடங்குக்குக் குறைவான எடை உள்ள விண்மீனின் நடுப்பகுதி பொதுவாக அந்தச் சூட்டை எட்டுவதில்லை. மேலடுக்குகள் மெல்ல உதிர்ந்து வெளியே போய்விடுகின்றன. நடுவில் கார்பனும் ஆக்சிஜனும் இறுகிய ஒரு கட்டி மிஞ்சுகிறது. விறகடுப்பு அணைந்த பிறகு பார்த்தால் சாம்பலும் கிடக்கும், கரியும் கிடக்கும். வெள்ளைக் குள்ளன் அந்தக் கரி. பற்றவைக்க ஆள் இல்லாததால் சும்மா கிடக்கிறது.

எவ்வளவு இறுகிய கரி? வானத்தில் மிகப் பிரகாசமாகத் தெரியும் சிரியஸ் விண்மீனுக்கு ஒரு துணை உண்டு. 1844-இல் பெசல் என்ற ஜெர்மானியர், சிரியஸ் தள்ளாடி நகர்வதைப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருக்கவேண்டும் என்றார். 1862-இல் அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க் புதுத் தொலைநோக்கி ஒன்றைச் சோதித்தபோது அது கண்ணில் பட்டது. எடை ஏறத்தாழ சூரியன் அளவு. உருவம் ஏறத்தாழ பூமி அளவு. அந்தப் பொருளில் ஒரு புளியங்கொட்டை அளவு எடுத்தால் ஒரு டன்னுக்குக் குறையாது.

இவ்வளவு எடை தன் மேலேயே அழுத்தும்போது அது ஏன் நொறுங்கி உள்ளே விழவில்லை? சூரியனைத் தாங்கி நிற்பது அதன் உள் வெப்பம். வெள்ளைக் குள்ளனில் அடுப்பு அணைந்துவிட்டது. வெப்பம் தாங்கும் கதை அங்கே இல்லை. தாங்குவது எலெக்ட்ரான்கள்.

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குப் போயிருப்பீர்கள். கேலரியில் கீழ்ப்படிகள் முதலில் நிரம்பும். பிந்தி வருகிறவர் எவ்வளவு அசதியாக இருந்தாலும் மேலே ஏறித்தான் ஆகவேண்டும், கீழே இடமில்லை. எலெக்ட்ரான்களுக்கும் அதே சட்டம்: ஒரு படியில் இரண்டுக்கு மேல் உட்கார முடியாது. இது 1925-இல் பவுலி சொன்ன விதி. ஒரு விண்மீனின் எலெக்ட்ரான்கள் எல்லாவற்றையும் பூமி அளவு இடத்தில் திணித்தால், பெரும்பாலானவை மேல்படிகளுக்குத் தள்ளப்படும். மேல்படி என்றால் அதிக ஆற்றல், அதிக வேகம். அந்த வேகம்தான் அழுத்தம். பொருள் குளிர்ந்தே கிடந்தாலும் இந்த அழுத்தம் இருக்கும். 1926-இல் கேம்பிரிட்ஜில் ஆர்.எச். ஃபௌலர் இதை வெள்ளைக் குள்ளன்களுக்குப் பொருத்திக் காட்டினார்.

இங்கே சந்திரசேகர் வருகிறார். லாகூரில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர், மாநிலக் கல்லூரியில் படித்தவர், சி.வி. ராமனின் அண்ணன் மகன். 1930-இல் மேல்படிப்புக்காகப் பம்பாயில் கப்பல் ஏறியபோது வயது 19. வழியில் ஃபௌலரின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: மேல்படிக்கு ஏற ஏற எலெக்ட்ரானின் வேகம் கூடுகிறதே, அது ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும்? ஒளியைத் தாண்ட முடியாது. ஆகவே ஒரு கட்டத்துக்கு மேல், எடை கூடும் அளவுக்கு அழுத்தம் கூடாது. எடைக்கு ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது. 1931-இல் அவர் வெளியிட்ட எண் சூரியனைப்போல் 0.91 மடங்கு, விண்மீனின் உட்பொருள் பற்றிய அன்றைய கணிப்பு வேறாக இருந்ததால் அப்படி. இன்று நாம் சொல்வது ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் லண்டனில், ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதைப் பேசி உட்கார்ந்ததும், அக்காலத்தின் பெரிய பெயரான எடிங்டன் எழுந்து, விண்மீன் அப்படி நடந்துகொள்ளாமல் இயற்கையே தடுக்கும் என்று மறுத்தார். இளைஞருக்கு 24 வயது. கணக்கை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1983-இல் நோபல் பரிசு வந்தது.

சரி, வெடிப்புக்கு வருவோம். கேலரியை மறந்துவிடாதீர்கள், இப்போதுதான் அதன் வேலை.

சூரியனில் எங்காவது அணுக்கரு இணைவு (விண்மீனில் எரிதல் என்று நான் சொல்வது இதைத்தான்) கொஞ்சம் வேகமெடுத்தால், அங்கே சூடு கூடும், சூடு கூடினால் வாயு விரியும், விரிந்தால் ஆறும், எரிதல் பழைய நிலைக்கு வந்துவிடும். தானாகத் திறந்து மூடும் வால்வு மாதிரி. வெள்ளைக் குள்ளனில் அந்த வால்வு இல்லை. நடுப்படியில் உட்கார்ந்திருக்கும் எலெக்ட்ரானுக்குக் கொஞ்சம் சூடு கொடுத்தால் அது நகர முடியாது. சுற்றியுள்ள படிகள் எல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன. மேல் விளிம்பில் இருக்கும் சில மட்டும் அசையும். ஆகவே சூடு கூடுகிறது, அழுத்தம் கூடவில்லை, விண்மீன் விரியவில்லை, ஆறவும் இல்லை. கார்பன் இணைவதோ சூட்டைப் பொறுத்துப் பயங்கரமாக வேகமெடுக்கும். கொஞ்சம் சூடு, அதனால் நிறைய எரிதல், அதனால் இன்னும் சூடு. நெருப்பு இல்லாமலேயே நிற்கத் தெரிந்ததுதான் வெள்ளைக் குள்ளனின் பலம். நெருப்பு வந்துவிட்டால் அதுவே வினையாகிறது.

சிவகாசிப் பக்கம் உறவினர் இருக்கிறவர்களுக்கு இதில் பாதி கதை ஏற்கெனவே தெரியும். அதே கருமருந்தைத் தரையில் கொட்டிப் பற்றவைத்தால் புஸ்ஸென்று எரிந்து போகும். புஸ்வாணத்தில் மேலே வாய் திறந்திருப்பதால் பொறியாகச் சீறும். அணுகுண்டு வெடியில் மருந்தைச் சுற்றிச் சணலை இறுக்கிச் சுற்றுகிறார்கள்; வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி வெடிக்கிறது. எரிவது ஒன்று, வெடிப்பது ஒன்று. வெள்ளைக் குள்ளனில் சணல் கிடையாது, அங்கே கட்டிவைப்பது ஈர்ப்பும் அந்த எலெக்ட்ரான் அழுத்தமும். ஆனால் 'எரிவதா, வெடிப்பதா' என்ற கேள்வி அப்படியே அங்கும் எழுகிறது. தீ ஒலியின் வேகத்துக்குக் குறைவாக நகர்ந்தால் எரிதல், அதைத் தாண்டினால் வெடித்தல். முழுக்க எரிதலாக இருந்தால் நாம் பார்க்கும் பொருள்கள் அந்த அளவில் வராது. முழுக்க வெடித்தலாக இருந்தால் சிலிக்கான், கால்சியம் போன்ற நடுத்தரத் தனிமங்கள் மிஞ்சாமல் பெரும்பாலும் நிக்கல் ஆகிவிடும். ஆகவே, எடை உச்சவரம்பை ஒட்டிய வெள்ளைக் குள்ளனில் தீ முதலில் எரிதலாகத் தொடங்கி, விண்மீன் சற்று விரிந்த பிறகு வெடித்தலாக மாறுகிறது என்று கணக்கிடுகிறார்கள். அந்த மாற்றம் எந்த இடத்தில், எதனால் நடக்கிறது என்பது இன்றும் திறந்த கேள்வி. என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான கேள்வி அதுதான்.

கார்பன் மெல்லக் கொதிக்கத் தொடங்கிய பிறகு ஆயிரம் ஆண்டு அளவுக்கு உள்ளேயே குமுறுகிறது. பிறகு தீ கட்டுமீறினால் ஓரிரு வினாடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. சிதறல் நொடிக்கு 10,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு நொடியில் பத்துத் தடவை போய்வரும் வேகம் அது. நடுவில் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆனால் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அந்த வெடிப்பின் சூட்டிலிருந்து வருவதல்ல. விரிகிற வேகத்தில் அந்தச் சூடு ஆறிவிடும். வெடிப்பில் உண்டாகும் நிக்கல்-56 என்ற கதிரியக்கப் பொருள்தான் விளக்குத் திரி. சூரியனின் எடையில் பாதிக்கு மேல் உண்டாகிறது. அதன் அரைஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 6 நாள். கோபால்ட்-56 ஆகச் சிதைகிறது. அதற்கு அரைஆயுள் 77 நாள், இரும்பாக முடிகிறது. மூன்று வாரத்துக்குள் உச்ச ஒளி, அப்போது பல நூறு கோடி சூரியன்களின் வெளிச்சம், பிறகு மாதக்கணக்கில் மங்கல். பிரபஞ்சத்தில் உள்ள இரும்பில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். திருப்பாச்சேத்தி அருவாளின் இரும்பும் ஒரு காலத்தில் நிக்கலாக, கோபால்ட்டாக இருந்து ஏதோ ஒரு விண்மண்டலத்தின் ஓரத்தை வெளிச்சமாக்கியிருக்கிறது.

இதை நான் என் கண்ணால் பார்த்த ஓர் இரவைச் சொல்லவேண்டும். 2014 ஜனவரி 21 அன்று லண்டனில் ஓர் ஆசிரியர் மாணவர்களுக்குத் தொலைநோக்கி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, எம் 82 என்ற விண்மண்டலத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளியைப் பார்த்தார்கள். சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தூரம். நம்மைப் பொறுத்தவரை அக்கம்பக்கம். செய்தி வந்ததும் நண்பர்கள் மூவர் எட்டு அங்குலத் தொலைநோக்கியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலூருக்கு வடக்கே ஒரு கண்மாய்க் கரைக்குப் போனோம். எம் 82 நமக்கு வடக்கே தாழ்வாகத்தான் வரும். மதுரை நகர வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கவேண்டும் என்பதற்காக அந்த இடம். தை அமாவாசையை ஒட்டிய நாள், நிலா இல்லை. நடுநிசி தாண்டியதும் கண்மாயில் தவளைச் சத்தம்கூட அடங்கிவிட்டது. எம் 82 ஒரு மங்கிய சுருட்டு மாதிரி தெரிந்தது. அதன் உடம்பில் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஊசிமுனை போல் ஒரு புள்ளி. மடை பார்க்க வந்த நீர்ப்பாய்ச்சி டார்ச்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"என்ன சார் தெரியுது?"

"பாருங்கண்ணே. ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு."

கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்ப வெடிச்சது?"

ஒரு கோடி வருஷத்துக்கு மேலே ஆச்சு என்றேன். அவர் மறுபடி கண்ணை வைத்து, முதல் தடவையைவிட அதிக நேரம் பார்த்தார்.

அதே புள்ளியைத்தான் ஐரோப்பாவின் இன்டக்ரல் செயற்கைக்கோளும் பார்த்தது. கோபால்ட்-56 சிதையும்போது வரவேண்டிய காமாக் கதிர்கள் சரியாக அந்த ஆற்றலில் வந்தன. விளக்குத் திரி கதிரியக்கம்தான் என்று பல ஆண்டுகளாகச் சொன்னதற்கு அது நேர்ச் சாட்சி.

இரண்டாவது கேள்வி: என்ன தேடுகிறார்கள்? பற்றவைத்தது யார் என்று தேடுகிறார்கள். தனியாக இருக்கும் வெள்ளைக் குள்ளன் காலம் முழுக்க ஆறிக்கொண்டே போகும், வெடிக்காது. நம் சூரியன் போகப்போவது அந்த வழி. வெடிக்க ஒரு கூட்டாளி வேண்டும். நீண்ட காலம் பாடமாக இருந்த கதை இது: பக்கத்தில் ஒரு சாதாரண விண்மீன், அதிலிருந்து வெள்ளைக் குள்ளன் பொருளை உறிஞ்சிக்கொண்டே வந்து, சந்திரசேகர் சொன்ன உச்சவரம்பான 1.4 மடங்கை நெருங்கியதும் நடுவில் கார்பன் பற்றிக்கொள்கிறது. 1984-இல் வலுப்பெற்ற மற்றொரு கதை: இரண்டு வெள்ளைக் குள்ளன்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி மோதுகின்றன.

எது சரி? முதல் கதை சரி என்றால் வெடிப்புக்குப் பிறகு கூட்டாளி மிஞ்சவேண்டும். 2011 ஆகஸ்டில் எம் 101 மண்டலத்தில் வெடித்ததை அரைநாளுக்குள் பிடித்தார்கள். வெடித்தது மிகச் சிறிய உருவம் என்பது அந்த ஆரம்ப ஒளியிலேயே தெரிந்தது, வெள்ளைக் குள்ளன்தான். ஆனால் முன்பே ஹபிள் எடுத்து வைத்திருந்த படங்களில் அந்த இடத்தில் கூட்டாளியாகச் சிவப்பு அரக்கன், அதாவது வயதாகி ஊதிப்போன பெரிய விண்மீன், எதுவும் இல்லை. நமக்குப் பக்கத்துச் சிறு விண்மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில், பழைய சூப்பர்நோவா ஒன்றின் எச்சத்தில் தேடினார்கள். அங்கும் கூட்டாளி இல்லை. 1006-ஆம் ஆண்டின் சூப்பர்நோவா எச்சத்திலும் இல்லை. அந்த 1006 வெடிப்பு, மனிதர் எழுதிவைத்தவற்றிலேயே மிகப் பிரகாசமானது. சீனாவில் எழுதினார்கள், கெய்ரோவில் இப்னு ரித்வான் எழுதினார். சுவிட்சர்லாந்தில் அடிவானத்தை உரசிக்கொண்டு தெரிந்தது. மதுரையிலோ தெற்கு வானில் 40 டிகிரிக்கு மேல் உயரத்தில் நின்றிருக்கவேண்டும். இராசராசன் ஆண்ட காலம், சித்திரை, வைகாசி இரவுகள். பாண்டி நாட்டில் அதைப் பார்க்காத கண் இருந்திருக்க முடியாது.

ஆக, மோதல் கதைக்குத் தட்டு தாழ்ந்தது. அதிலும் ஒரு புதுத் திருப்பம் உண்டு: 1.4-ஐ எட்டவே தேவையில்லை. மேலே ஹீலியம் மெல்லிய ஓடாகப் படிந்தால், அந்த ஓடு முதலில் வெடித்து, அதிர்வலை உள்ளே போய்க் குவிந்து கார்பனை வெடிக்கவைக்கும். இரட்டை வெடிப்பு. 2018-இல் கையா விண்கலத்தின் தரவுகளில், நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் மூன்று வெள்ளைக் குள்ளன்களைக் கண்டார்கள். கூட்டாளி வெடித்ததும், சுற்றிக்கொண்டிருந்த வேகத்திலேயே கவண்கல் போலத் தெறித்து வந்தவை அவை என்பது பொருத்தமான விளக்கம். 2025-இல், மேலே சொன்ன மெகல்லன் மேக எச்சத்தில் கால்சியம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகளாக இருப்பதைச் சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கி காட்டியது. இரட்டை வெடிப்பு நடந்தால் அப்படித்தான் இருக்கவேண்டும். எல்லாச் சூப்பர்நோவாவும் ஒரே வழியில் வருவதில்லை, இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கு ஏன் இத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள்? தூரம் அளக்க. தெப்பத் திருவிழா அன்று வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரே மாதிரி விளக்குகளை வைத்தால், எதிர்க்கரை விளக்கு மங்கலாகத் தெரிவதை வைத்தே அது எவ்வளவு தூரம் என்று சொல்லலாம். இந்த வகைச் சூப்பர்நோவாக்கள் ஏறத்தாழ ஒரே வெளிச்சம் உள்ளவை. வித்தியாசமும் ஒழுங்கோடு வருகிறது: பிரகாசமானவை மெதுவாக மங்குகின்றன. 1993-இல் மார்க் பிலிப்ஸ் அதை நிறுவினார். அதை வைத்து 1998-இல் இரண்டு குழுக்கள் தொலைதூர வெடிப்புகளை அளந்தபோது அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. பிரபஞ்சம் வேகம் கூடிக்கொண்டே விரிகிறது என்ற முடிவு அங்கிருந்து வந்தது. 2011-இல் அந்தக் குழுக்களின் பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் நோபல். விளக்கு எப்படி எரிகிறது என்றே தெரியாமல் விளக்கை அளவுகோலாக வைத்திருக்கிறோம். ஆகவேதான் பற்றவைத்தவரைத் தேடுவது முக்கியமாகிறது.

வேலை அன்றாடம் எப்படி நடக்கிறது என்றால், அகலப் பார்வைத் தொலைநோக்கிகள் இரவுதோறும் வானத்தைப் படமெடுத்து நேற்றைய படத்தோடு ஒப்பிடும். புதுப் புள்ளி வந்தால் வேறு தொலைநோக்கி அதன் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும். மத்தாப்பில் பச்சை தெரிந்தால் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் என்று சிவகாசிக்காரர் சொல்வது போல, ஹைட்ரஜன் தடம் இல்லாமல் சிலிக்கான் தடம் இருந்தால் அது வெள்ளைக் குள்ளன் வெடித்தது. நம் நாட்டில் இதற்கு லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்து அதை இயக்குகிறார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஜி.சி. அனுபமா போன்றவர்கள் பல ஆண்டுகள் இந்த வெடிப்புகளைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அதே நிறுவனத்தின் காவலூர் ஆய்வகம் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. நமக்குப் பக்கத்துக் கொடைக்கானல் ஆய்வகமும் அவர்களுடையதுதான், ஆனால் அது சூரியனைப் பார்ப்பது. ஆராய்ச்சிக்குப் போக விருப்பம் என்றால் எம்.எஸ்சி. முடித்து ஜெஸ்ட் என்ற ஆராய்ச்சிப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதுங்கள்; இப்போதே பைத்தான் என்ற கணினி மொழியைப் பழகிக்கொள்ளுங்கள்.

பலர் கேட்பதால் ஒன்று: திருவாதிரை நட்சத்திரமும் ஒருநாள் வெடிக்கும். ஆனால் அது எடை மிகுந்த விண்மீன், நடுப்பகுதி நொறுங்கி வெடிப்பது. வேறு கதை. மார்கழியில் வெள்ளியம்பலத்தில் ஆருத்ரா தரிசனம் பார்க்கப் போகிறவர்கள், விடியுமுன் மேற்கே சாயும் அந்தச் செந்நிற விண்மீனையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

மதுரையிலிருந்து பார்க்க உங்களுக்கு நான் சொல்வது வேறொன்று. வடமகுடம் என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு வெள்ளைக் குள்ளன், சிவப்பு அரக்கன் ஒன்றோடு சேர்ந்து சுற்றுகிறது. எடை 1.4-ஐ ஒட்டி இருக்கிறது. அரக்கனிடமிருந்து வரும் ஹைட்ரஜன் மேலே சேர்ந்து சேர்ந்து, மேல்தோல் மட்டும் வெடிக்கும், விண்மீன் பிழைத்துக்கொள்ளும். இதற்கு நோவா என்று பெயர். 1866-இல் வெடித்தது, 1946-இல் வெடித்தது. 80 ஆண்டு இடைவெளி என்பதால் சில ஆண்டுகளாகவே எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. வெடித்தால் சில நாள் துருவ நட்சத்திரம் அளவுக்குத் தெரியும்.

ஆனி மாதம் இரவு பத்து மணிக்கு, நாகமலை தாண்டியோ அழகர்கோவில் பக்கமோ இருட்டான இடத்துக்குப் போங்கள். தலைக்கு மேலே சற்று மேற்கில் மஞ்சளாகப் பளிச்சென்று நிற்பது சுவாதி. அதிலிருந்து கிழக்கே, கொஞ்சம் வடக்கே பார்த்தால் ஏழு விண்மீன்கள் கிண்ணம் மாதிரி அரைவட்டமாக இருக்கும். அந்த ஏழையும் நோட்டில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அரைவட்டத்தின் கிழக்கு முனையை ஒட்டி, வெளியே எட்டாவதாக ஒன்று என்றைக்காவது தெரிந்தால், அதுதான்.